கண் மருத்துவப் பயிற்சியைத் தெரிந்து தெளிதல்



இப்பொழிவின் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், "நீங்கள் கற்றது மொழியியல். கண் மருத்துவப் பயிற்சியைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தொடர்பு?" என்று கேட்டார். முறையான கேள்விதான். யாம் கண் மருத்துவம் அறிந்தவர் அல்லோம். ஆயினும் அத்துறைக்கும் எமக்கும் இரண்டு தொடர்புகள் உண்டு. ஒன்று அண்மையது. மற்றொன்று இருபது ஆண்டுகளுக்கு முந்தையது. அண்மையதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டின் இறுதியில், எம்மிடம் முன்பு பயின்ற தமிழாசிரியர் ஒருவரின் மகள் எம் இல்லத்திற்கு வந்தார். அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றுபவர். அவருடைய பாட்டியார் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவியவர். அந்தக் குடும்பத்தின் முதல் மருத்துவர் இப்பெண். கண் மருத்துவ வல்லுநராக வேண்டும் என்பது அவர் விருப்பம். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு முதுநிலைப் பயிற்சி, பிரிட்டானிய ராயல் கல்லூரித் தேர்வுகளை எழுதும் இணைவழி, தமிழ்நாட்டில் ஒரு கண் மருத்துவமனை ஆகிய மூன்றைப் பற்றிய தாள்களை எம் முன் பரப்பினார். "ஐயா, இவற்றுள் எது நல்லது? அப்பா உங்களைக் கேட்கச் சொன்னார்" என்றார்.

எமக்குத் தெரியவில்லை. அதனை அவ்வாறே சொன்னோம். ஆனால் எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதற்கு ஒரு வழி நம் இலக்கண நூலிலேயே இருக்கிறது என்றும் சொன்னோம். அன்று அவரோடு உரையாடியதைச் சற்று விரித்து இன்று உங்கள் முன் வைக்கிறோம். உங்கள் மாணவர்களுள் சிலரும் நாளை இத்தகைய கேள்வியோடு உங்களிடம் வருவார்கள். கண் மருத்துவத்தின் இடத்தில் வேறொரு துறை இருக்கலாம். கேட்க வேண்டியவை பெரிதும் மாறா.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் எழுத்திலக்கணத்தில் தொடங்கவில்லை. பாயிரத்தில் தொடங்குகிறது. அதன் பொதுப்பாயிரம் ஐந்து பொருள்களைப் பேசுகிறது: கற்பிக்கப்படும் நூல், கற்பிக்கும் ஆசிரியர், கற்பிக்கும் முறை, கற்கும் மாணாக்கர், கற்கும் முறை. கல்வி நிகழும் இடம் எதுவாயினும் இவ்வைந்தும் அங்கு இருந்தாக வேண்டும். அறுவை அரங்கும் அத்தகைய இடமே.

முதலில் நூல். அதாவது, பாடத்திட்டம். கண்புரை, கண்ணழுத்த நோய், விழித்திரை, கருவிழி, குழந்தைகளின் கண்ணும் மாறுகண்ணும், இமை அறுவை, கண் நரம்பு எனப் பிரிவுகள் எல்லாத் தாள்களிலும் அச்சாகியிருக்கும். அச்சாகியிருப்பதை எண்ணிப் பயனில்லை. நாம் பணியாற்றப் போகும் ஊரின் நோய்களோடு அப்பட்டியலை ஒப்பிட வேண்டும். 2014இல் மலேசியாவில் இரண்டாம் தேசியக் கண் ஆய்வு நடந்தது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே பார்வையிழப்பு 1.2 விழுக்காடு என்று அது கண்டது. அவ்விழப்புக்கான காரணங்களுள் மருத்துவம் பெறாத கண்புரை 58.6 விழுக்காடு, நீரிழிவு விழித்திரை நோய் 10.4 விழுக்காடு, கண்ணழுத்த நோய் 6.6 விழுக்காடு. கண்புரையை அறுவையால் நீக்கிப் பார்வையைப் பெரும்பாலும் மீட்கலாம். நீரிழிவாலும் கண்ணழுத்தத்தாலும் இழந்த பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை.

நம் மக்கள் 'இனிப்பு நீர்' என்று சொல்லும் நீரிழிவு இங்கே கருதத்தக்கது. 2019ஆம் ஆண்டின் தேசிய நல ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கு இருந்தது. ஆகவே ஈப்போவிலோ தெலுக் இந்தானிலோ பணியாற்ற விரும்பும் ஒருவர் கண்புரை அறுவையோடு நின்றுவிடும் பயிற்சியைத் தேர்ந்தால், தம் வாயிற்படியில் காத்திருக்கும் நோயாளருள் பலருக்குத் தாமே துணை செய்ய இயலாதவராவார். விழித்திரைப் பிரிவில் எத்தனை மாதம்? லேசர் மருத்துவத்தைப் பயிலுநர் தாமே செய்ய எப்போது இசைவு கிடைக்கும்? இவற்றைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது ஆசிரியர். நிறுவனத்தின் புகழ் வேறு, நமக்குக் கற்பிக்கப் போகின்றவர் வேறு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தோன்றியது; உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கினார். இன்று அது உலகறிந்த நிறுவனம். இவற்றின் வரலாறு நமக்குப் பெருமை தருவது. ஆனால் விண்ணப்பிப்பவருக்கு வேண்டிய செய்தி வேறு. இவ்வாண்டு அங்கு எத்தனை வல்லுநர் கற்பிக்கின்றனர்? ஒருவருக்கு எத்தனை பயிலுநர்? இரவு இரண்டு மணிக்குக் கண் கிழிந்த நோயாளர் வந்தால் பயிலுநருக்கு அருகில் வந்து நிற்பவர் யார்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் விடையாக வந்தால் நன்று. "அழைத்தால் வருவார்கள்" என்று மட்டும் விடை வந்தால், அந்த 'அழைத்தால்' என்னும் சொல்லை மேலும் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது கற்பிக்கும் முறை. இவ்விடத்தில் எம் துறை சற்றே உதவும். அப்பெண் கொண்டுவந்த தாள்களில் வினைச்சொற்களை மட்டும் கோடிடச் சொன்னோம். 'பயிற்சி அளிக்கப்படும்', 'வாய்ப்பு வழங்கப்படும்', 'அறுவைகளில் ஈடுபடுத்தப்படுவர்' என்னும் பொருளிலேயே தொடர்கள் அமைந்திருந்தன. தமிழில் 'படு' செய்யும் வேலையை மலாயில் 'டி' என்னும் முன்னொட்டு செய்கிறது. எம்மொழியாயினும் செயப்பாட்டுவினைக்கு ஒரு வசதி உண்டு: செய்பவர் யார் என்று சொல்லாமலே தொடர் முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தொடரையும் செய்வினையாக மாற்றி எழுதச் சொன்னோம். யார் அளிப்பார்? யாருக்கு? எத்தனை முறை? மாற்ற முடியாத தொடர்களே நேரில் கேட்க வேண்டிய கேள்விகள். அவர் தாள்களில் அவ்வாறு பதினேழு தொடர்கள் எஞ்சின.

அறுவை பயிலும் மருத்துவர் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார். அதில் நான்கு வினைகள் உண்டு: பார்த்தேன், உதவினேன், மேற்பார்வையில் செய்தேன், தனித்துச் செய்தேன். இந்நான்கையும் 'பங்கேற்றேன்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். அவ்வாறு அடக்கிய எண் நம்மை மயக்கும். ஓராண்டில் ஆயிரக்கணக்கான கண்புரை அறுவைகள் நடக்கும் மருத்துவமனையில், பயிலுநரின் கை சில பத்து அறுவைகளை மட்டுமே செய்திருக்கலாம். சிறிய மருத்துவமனையில் அவர் கை அதனினும் மிகுதியாகச் செய்திருக்கலாம். உலக அளவில் ஒப்புநோக்கக் கருதுவோர்க்கு இரண்டு எண்கள் உதவும். அமெரிக்கப் பயிற்சியில் பயிலுநர் முதன்மை அறுவையாளராகக் குறைந்தது 86 கண்புரை அறுவைகள் செய்திருக்க வேண்டும். பிரிட்டனில் பயிற்சி முடிவதற்குள் 350 செய்திருக்க வேண்டும். இரு நாடுகளின் பயிற்சிக் காலமும் அமைப்பும் வேறு. எனவே எந்த எண் சரி என்று யாம் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்கும் எண் எந்த வினைக்கு உரியது என்று தெளிந்து கொள்க என்பதே எம் வேண்டுகோள்.

அதனோடு மற்றொன்றும் கேட்க வேண்டும். பயிலுநர் கையில் வில்லைப்பையின் பின்சுவர் கிழிந்துவிட்டால் அங்கு என்ன நடக்கும்? கண்புரை அறுவையில் அது எவர்க்கும் நேரக்கூடியது. கற்கும் காலத்தில் கூடுதலாக நேரும். நம் நாட்டில் 2002இல் தொடங்கிய கண்புரை அறுவைப் பதிவேடு இத்தகைய சிக்கல்களையும் பதிவு செய்கிறது. பிழையை எண்ணி, அவையில் வைத்து, காரணம் ஆராயும் துறையில் கற்பவர் தேறுவார். "இங்கு அப்படியெல்லாம் நேர்வதில்லை" என்னும் விடை வந்தால் அங்கே கற்பதற்குத் தயங்க வேண்டும். தேர்வுத் தாளில் பிழை திருத்தும் ஆசிரியர்களாகிய உங்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

நான்காவது மாணாக்கர். இப்போது அங்கே பயில்பவர் யாவர்? குறித்த காலத்தில் முடித்தவர் எத்தனை பேர்? இடையில் விலகியவர் எத்தனை பேர்? முடித்தவர் இன்று எங்கே பணியாற்றுகின்றனர்? துறைத் தலைவர் அறிமுகப்படுத்தும் பயிலுநரோடு பேசுவது மரியாதை. அறிமுகப்படுத்தாத பயிலுநர் ஒருவரோடு தேநீர் அருந்துவது ஆய்வு.

அங்கே கேள்வி கேட்கும் முறையும் முக்கியம். நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது. அறிந்தவர் பிறர் அறிவைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. அறியாதவர் அறிவதற்காகக் கேட்பது அறியா வினா. நேர்காணலுக்குச் செல்லும் இளையோர் பலர் தம் அறிவைக் காட்டும் கேள்விகளையே கேட்டுவிட்டுத் திரும்புகின்றனர். அறியா வினா கேட்கக் கூச்சம் தடையாக இருக்கிறது. கேட்பவர்களும் "பயிற்சி நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கின்றனர். நம் பண்பாட்டில் இதற்கு "நன்றாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு விடை வராது. "சென்ற வாரம் நீங்கள் எத்தனை கண்புரை அறுவை செய்தீர்கள்? எத்தனை இரவுகள் பணியில் இருந்தீர்கள்?" என்று கேட்டால் எண் வரும். எண்ணைச் சொல்லும்போது முகமும் ஒன்று சொல்லும்.

இந்நாட்டில் இன்னும் இரண்டு செய்திகளைத் தெளிந்துகொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இளம் மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் பணியமர்த்தப்பட்டனர். வல்லுநர் பயிற்சிக்கான வழி தெளிவாக இல்லை என்பதும் 2021 ஜூலையில் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் குறைகளுள் ஒன்று. இரண்டாவது, வல்லுநர் பதிவேடு. பயிற்சி முடித்தவர் தேசிய வல்லுநர் பதிவேட்டில் இடம் பெற்றால்தான் இங்கு வல்லுநராகப் பணியாற்ற இயலும். இணைவழியில் இதய அறுவை பயின்றவர்களுக்கு அப்பதிவு மறுக்கப்பட்டதால் எழுந்த வழக்குகளும் விவாதமும் 2024இல் மருத்துவச் சட்டத் திருத்தத்திற்கு இட்டுச் சென்றன. நான்கு, ஐந்து ஆண்டு உழைத்தபின் அப்பட்டம் ஏற்கப்படுமா என்று தேடுவது துன்பம். சேரும் முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெற வேண்டும். வெளிநாடு செல்வோர்க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தோட்டத்திலிருந்து எழுந்த குடும்பத்தில் ஒருவர் இழக்கும் நான்கு ஆண்டு அவர் ஒருவருடைய இழப்பு மட்டுமன்று.

ஐந்தாவது கற்கும் முறை. கண் மருத்துவம் கற்பவர் யாரிடமிருந்து கற்கிறார்? ஆசிரியரிடமிருந்தும் நூலிலிருந்தும் கற்கிறார். மூன்றாவதாக, நோயாளரின் வாய்மொழியிலிருந்து கற்கிறார். இங்கேதான் எம் இருபது ஆண்டுக்கு முந்தைய தொடர்பைச் சொல்ல வேண்டியவராகிறோம்.

எம் அன்னையார் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் மரம் சீவி, தோட்டம் கைமாறியபின் நகரத்து அடுக்குமாடியில் குடியேறியவர். ஒருநாள் காலையில், "கண்ணு ஓரத்துல இருந்து திரை எறங்குதுப்பா, மூணு நாளா" என்றார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் இளைஞர், மலாய்க்காரர், பொறுமையுடன் கேட்டவர். அன்னையாருக்கு மருத்துவரின் மலாய் முழுதும் விளங்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க யாம் இருந்தோம். தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 'திரை' என்பதைக் கண்ணில் படரும் படலம் என்று கொண்டு 'செலாபுட்' என்று சொன்னோம். 'ஓரத்திலிருந்து இறங்குகிறது' என்பதை விட்டுவிட்டோம். 'மூன்று நாளாக' என்பதைச் 'சில காலமாக' என்று சுருக்கினோம். முதியவர் கண்ணில் படலம், சில காலமாக. அவர் விளக்கடித்துப் பார்த்தார். கண்புரையும் இருந்தது. பட்டியலில் பெயர் எழுதிப் பிறகு வரச் சொன்னார்.

அன்னையார் சொன்னது கண்புரையை அன்று. விழித்திரை கண்ணின் பின்சுவரிலிருந்து விலகும்போது ஓரத்திலிருந்து நிழல் திரைபோல் படரும். நடுப்பகுதி விலகும் முன் அறுவை செய்தால் பார்வையைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. நாள் கடந்தால் வாய்ப்புக் குறையும். யாம் மீண்டும் சென்றபோது அக்கண்ணில் ஒளி மட்டுமே தெரிந்தது.

மலாய் மொழியில் தொங்குதிரைக்குச் சொல் என்ன? 'திராய்'. அது தமிழின் 'திரை'யே. 'கடை' கெடாய் ஆனதும் 'கட்டில்' காத்தில் ஆனதும் போலக் கடல் கடந்து சென்ற சொல். வகுப்பறையில் எத்தனையோ முறை அதனை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறோம். அன்று எம் அன்னையார் சொன்ன சொல்லை அப்படியே சொல்லியிருந்தால் அம்மருத்துவருக்கு விளங்கியிருக்கும். எம் அன்னையார் எம்மை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவருக்கு நடந்தது இன்னதென்று யாம் முழுதும் விளக்கிச் சொல்லவுமில்லை. இன்று இந்த அவையில்தான் முதன்முறையாகச் சொல்கிறோம்.

இத்தகைய சொற்கள் பல. 'கண்வலி' என்பது பல இடங்களில் கண் சிவந்து பீளை தள்ளும் தொற்றைக் குறிக்கும். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வலி மட்டுமே மிஞ்சும். 'பூ விழுந்திருக்கிறது' என்பது கருவிழித் தழும்பாகலாம், முற்றிய புரையுமாகலாம். 'சதை வளர்கிறது' என்பதும் இருபொருள்படும். 'பூச்சி பறக்கிறது', 'மின்னுகிறது' என்று ஒருவர் திடீரெனச் சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தோட்டத்து முதியவர் அமிலம் தெறித்த கண்ணைப் பற்றிச் சொல்லும்போது 'ஆசிட்' என்பார். பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தை அவர் கருதுகிறார் என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். ஈப்போவின் காத்திருப்புக் கூடத்தில் தமிழ் மட்டுமா ஒலிக்கிறது? கண்டோனியமும் மலாயும் செமாய், தெமியார் மக்களின் மொழிகளும் ஒலிக்கின்றன. ஒவ்வொன்றிலும் இத்தகைய சொற்கள் இருக்கும்.

ஆகவே விண்ணப்பிப்பவர் ஐந்தாவதாகக் கேட்க வேண்டியது இது: நோயாளரின் மொழி பயிலுநருக்குத் தெரியாதபோது அங்கே யார் மொழிபெயர்க்கிறார்? உறவினரா, துப்புரவுப் பணியாளரா, பயிற்சி பெற்றவரா? நோயாளர் சொன்ன சொல் ஏட்டில் ஏறுகிறதா, மருத்துவர் புரிந்துகொண்டது மட்டும் ஏறுகிறதா? இதற்குச் சிந்தித்து விடை சொல்லும் துறை மற்ற நான்கிலும் சிந்தித்திருக்கும் என்று யாம் நம்புகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காகக் கலைச்சொற்களையும் உருவாக்கினார். அப்பணி மருத்துவர் சொல்லை மக்களுக்குக் கொண்டு சென்றது. மக்கள் சொல்லை மருத்துவருக்குக் கொண்டு செல்லும் பணி நம் கையில் இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட காலம் தொடங்கி இம்மாநிலத்தில் வளர்ந்த தோட்ட வாழ்வு ஏறத்தாழ முடிந்துவிட்டது. அதன் சொற்கள் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் முதியவர் நாவில் இன்னும் இருக்கின்றன. ஆசிரியர்களே, உங்கள் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டி தாத்தாவிடம் கண்ணைப் பற்றிய பத்துச் சொற்களைக் கேட்டு, சொன்னவாறே எழுதி, பொருளையும் எழுதி வரட்டும். மன்றம் அவற்றைத் தொகுத்து மலாய் விளக்கத்துடன் மாநிலத்துக் கண் மருத்துவப் பிரிவுகளுக்கு அளிக்கலாம்.

அப்பெண் என்ன முடிவெடுத்தார் என்று கேட்பீர்கள். இன்னும் எடுக்கவில்லை. பதினேழு கேள்விகளோடு சென்று ஓரிடத்தில் இரண்டு நாள் இருந்து பார்த்து வந்தார். பன்னிரண்டுக்கு விடை கிடைத்தது. ஐந்து கட்டங்கள் வெறுமையாக இருந்தன. "திரும்பக் கேட்டால் தவறாக நினைப்பார்களா, ஐயா?" என்றார். கேளுங்கள் என்றோம். அத்தாளின் பின்பக்கத்தில் அவர் பாட்டியார் சொன்ன கண் சொற்கள் எட்டு இருந்தன. அவற்றுள் இரண்டு யாமும் கேட்டறியாதவை.